எட்டு மாதம் முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பை தயாராக இருக்கட்டும்



பிள்ளைப்பேற்று வலி நேரம் பார்த்து வருவதில்லை. பெரட்டுக்குப் போகும் காலை வேளையிலும் வரும். நடுச்சாமத்தில் மழை கொட்டும்போதும் வரும். பட்டணத்தில் இருப்பவர்கள் வாசலில் ஆட்டோவைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேரலாம். நமக்கு அப்படியல்ல. லயத்திலிருந்து பாதைக்கு இறங்க வேண்டும். வாகனத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். குண்டும் குழியுமான தோட்டப் பாதையில் மெதுவாகப் போக வேண்டும். அதன் பிறகுதான் பெரிய ரோட்டு.

இந்த நேரத்தை எல்லாம் நம்மால் ஒரே நாளில் குறைத்துவிட முடியாது. ஆனால் ஒரு நேரத்தை நிச்சயமாகக் குறைக்கலாம். வாகனம் வந்து நின்ற பிறகு, "கிளினிக் அட்டை எங்கே வச்ச? துவாய் எங்கே? ஐடென்டி கார்ட் யார்கிட்ட இருக்கு?" என்று காம்பராவுக்குள் தேடுகிறோமே, அந்த நேரம்தான் அது.

அரை மணித்தியாலம்தானே என்று நினைக்க வேண்டாம். இரத்தம் போகும் தாய்க்கும், வலிப்பு வந்த தாய்க்கும், வயிற்றுக்குள் மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கும் அந்த அரை மணித்தியாலம் உயிர். ஆகவே ஆஸ்பத்திரிப் பை என்பது வெறும் துணி மூட்டை அல்ல. பிரயாணத்தை உடனே தொடங்குவதற்கான ஏற்பாடு அது.

எப்போது கட்ட வேண்டும்?

கிளினிக்கில் உங்களுக்கு ஒரு திகதி எழுதித் தருவார்கள். அந்தத் திகதியில்தான் பிள்ளை பிறக்கும் என்று இல்லை. 37 வாரம் முடிந்ததும் பிறக்கலாம். திகதி கழிந்தும் பிறக்கலாம். ஆகவே 36ஆவது வாரத்தில், அதாவது எட்டு மாதம் முடிந்த கையோடு, பை கட்டி முடிந்திருக்க வேண்டும்.

இரட்டைப் பிள்ளை, முன்பு ஒப்பரேஷன் செய்த வயிறு, பிரஷர், சீனி வியாதி, முன்பு மாதம் நிறையாமல் பிள்ளை பிறந்தது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இன்னும் முந்திக் கட்டுங்கள். 32ஆவது வாரத்திலேயே தயாராக இருப்பது நல்லது.

மழைக் காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கழுவிய துணி காய்வதே இல்லை. பதுளை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அதே கதைதான். அந்த மாதங்களில் பிள்ளை எதிர்பார்ப்பவர்கள் வெயில் இருக்கும்போதே துணிகளைக் கழுவிக் காய வைத்து மடித்து வையுங்கள். அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்த துணியில் புகை ஏறியிருக்கும். பிறந்த பிள்ளைக்கு அது ஆகாது.

பிறக்காத பிள்ளைக்குத் துணி சேர்க்கலாமா?

நமது லயங்களில் எப்போதும் எழும் கேள்வி இது. மருத்துவமாது வீட்டுக்கு வந்து பையைப் பற்றிப் பேசினால், மாமியார் இப்படித்தான் சொல்லுவார்:

"பொறக்காத புள்ளைக்கு இப்பவே சட்டை வாங்குறதா மிஸ்ஸி? கண்ணு பட்டுடும். அது பொறக்கட்டும், பொறகு பாப்போம்."

அதற்கு மிஸ்ஸி சொல்லும் பதில் இது:

"நீங்க புதுசா ஒண்ணும் வாங்க வேணாம்மா. உங்க பழைய சேலையில நல்லா நைஞ்ச பருத்திச் சேலை ஒண்ணு குடுங்க. அதைக் கிழிச்சுத் தொவைச்சு வைங்க. மூத்த புள்ளையோட சட்டை இருந்தா அதையும் தொவைச்சு வைங்க. புதுச்சட்டை, வளையல் எல்லாம் புள்ள வீட்டுக்கு வந்த பொறகு நீங்களே வாங்கிப் போடுங்க."

பெரியவர்களின் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். ஒரு காலத்தில் லயத்தில் பிறந்த பல பிள்ளைகள் தங்கவில்லை. அந்தத் துக்கத்தைக் கண்டவர்களின் பயம் அது. ஆனால் அவர்கள் சொல்லும் பழைய சேலைத் துணிதான் பிறந்த பிள்ளையின் தோலுக்கும் மிக ஏற்றது. புதுத்துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். பலமுறை கழுவிய பருத்தித் துணி மெதுவாக இருக்கும், ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். ஆகவே பாட்டியின் வார்த்தையையும் காக்கலாம், பையையும் கட்டலாம்.

முதலில் கடதாசிகள்

பையில் முதலில் வைக்க வேண்டியது துணி அல்ல, கடதாசிகள். ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, மழைத் தண்ணீர் படாமல் கட்டி, பையின் மேல் பக்கத்தில் வையுங்கள். அவை இவைதான்:

உங்கள் கர்ப்பவதி அட்டை. உங்கள் இரத்த வகை, பிரஷர், இரத்தச் சோகை, முந்திய பேறுகள் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். உங்களை முன்பின் பார்த்திராத டாக்டர் நள்ளிரவில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தீர்மானம் எடுப்பார். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் துண்டுகள் இருந்தால் அவற்றையும் அட்டையோடு சேர்த்து வையுங்கள். பாவிக்கும் மருந்துகளையும் அதே உறையில் போடுங்கள்.

உங்கள் அடையாள அட்டை, கணவரின் அடையாள அட்டைப் பிரதி, விவாகச் சான்றிதழின் பிரதி. இவை பிள்ளையின் பெயருக்காக. தகப்பன் பெயர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று எழுதப்பட்டு, பின்பு பாடசாலையிலும், அடையாள அட்டை எடுக்கும்போதும், சேமலாப நிதி எடுக்கும்போதும் அலைந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! வாயால் சொல்லும் பெயரைக் கேட்டு எழுதும்போது எழுத்து மாறுகிறது. கடதாசியைக் காட்டினால் மாறாது. விவாகத்தை இன்னும் பதியாதவர்கள் பிள்ளை பிறக்கும் வரை காத்திராமல் இப்போதே பதிவாளரிடம் போய்ப் பதிந்து கொள்ளுங்கள்.

அதோடு ஒரு துண்டுக் கடதாசியில் கணவரின் தொலைபேசி இலக்கம், பக்கத்து வீட்டு இலக்கம், தோட்டத்தின் பெயர், டிவிசன் பெயர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வையுங்கள். தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தத் துண்டு உதவும்.

தாய்க்கு வேண்டியவை

ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் ஒரு பட்டியல் உண்டு. உங்கள் கிளினிக்கில் அதைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக எல்லா இடத்துக்கும் பொருந்துவது இது:

முன்பக்கம் திறக்கக் கூடிய கவுன் மூன்று. பொத்தான் முன்னால் இருந்தால் பால் கொடுக்க இலகு. உடுத்திக்கொள்ள சீத்தை இரண்டு, உள்ளாடைகள் நான்கைந்து, பெட்சீட் ஒன்று, துவாய் ஒன்று.

பெரிய அளவுப் பேட் இரண்டு பக்கற். பேட் வாங்க வசதி இல்லாவிட்டால் பருத்தித் துணியைக் கழுவி, வெயிலில் காய வைத்து, மடித்து, சுத்தமான பையில் தனியாகக் கட்டி வையுங்கள். பிள்ளை பிறந்த பிறகு முதல் சில நாட்களில் இரத்தம் அதிகமாகப் போகும். ஆகவே போதியளவு இருக்க வேண்டும். ஒரு பேட் முழுதாக நனைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் நனைந்து விட்டால் வெட்கப்படாமல் உடனே நேர்ஸிடம் சொல்லுங்கள்.

சவர்க்காரம், பல் பிரஷ், சீப்பு, செருப்பு. ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. சுடுதண்ணீர் பிளாஸ்க் ஒன்று. தலைக்கு ஒரு தொப்பி அல்லது ஸ்கார்ஃப், ஒரு ஸ்வெட்டர், காலுறை. அழுக்குத் துணி போட இரண்டு வெறும் பைகள்.

பிள்ளைக்கு வேண்டியவை

பிள்ளை உங்கள் வயிற்றுக்குள் இருந்த சூட்டிலிருந்து நம் மலைநாட்டுக் குளிருக்கு வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி இரவில் பெரியவர்களுக்கே பல் கிட்டும். பிறந்த பிள்ளைக்கு உடம்பில் கொழுப்பும் குறைவு, நடுங்கிச் சூடேற்றிக் கொள்ளவும் தெரியாது. ஈரமான தலையிலிருந்து சூடு வேகமாக வெளியேறும். குளிர்ந்து போன பிள்ளை பால் குடிக்காது, சோர்ந்து போகும். ஆகவே பிள்ளையின் துணியில் முக்கியமானது அழகு அல்ல, சூடு.

மெல்லிய பருத்திச் சட்டை ஆறு, துணி நெப்பி பன்னிரண்டு, பருத்தித் தொப்பி இரண்டு, காலுறை, கையுறை இரண்டு சோடி, துடைத்துச் சுற்ற மெதுவான துணி மூன்று, தடித்த பிளானல் துணி அல்லது சின்னப் போர்வை ஒன்று, சின்ன ரப்பர் சீட் ஒன்று. பிறந்தவுடன் சுற்றும் துணியையும் தொப்பியையும் ஒரு சின்னப் பையில் தனியாக வைத்து மேலே வையுங்கள். பிள்ளை பிறக்கும் அறையில் நேர்ஸ் கேட்பது அதைத்தான்.

இதை எல்லாவற்றையும் விடச் சூடு தருவது தாயின் நெஞ்சு. பிறந்த பிள்ளையைத் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் படுக்க வைத்து, மேலே போர்த்தினால் பிள்ளை சூடாக இருக்கும், பால் தேடவும் தொடங்கும். முதல் நாளே பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

பையில் வைக்கக் கூடாதவை

பால் போத்தல், சூப்பி, பால்மா வேண்டாம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பழுதுபட்ட பால் என்று பீச்சி ஊற்றுகிறவர்கள் இன்னும் உண்டு. அதுதான் பிள்ளையின் முதல் மருந்து. சீனித் தண்ணீர், தேன், கோரோசனை எதுவும் வாயில் தொட வேண்டாம். ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை.

தொப்புளில் போட சாம்பல், பௌடர், எண்ணெய் எதுவும் கொண்டு போக வேண்டாம். தொப்புள் காய்ந்து தானாக விழும்.

தங்க நகையும் கையில் அதிக காசும் வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குக் கட்டணம் இல்லை. வாகனத்துக்கும் கூட வருபவரின் சாப்பாட்டுக்கும் தேவையான அளவு போதும். வெற்றிலைப் பொட்டலத்தையும் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

பையைக் கட்டுவது பெண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். பை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும், மாமியாருக்கும், பக்கத்துக் காம்பராக்காரருக்கும் தெரிய வேண்டும். வலி வரும் நேரத்தில் நீங்கள் மலையிலோ கொழும்பிலோ இருக்கலாம். அப்போது பையைத் தூக்கப் போவது அடுத்த வீட்டு அக்காதான். கதவுக்குப் பக்கத்தில், எலி கடிக்காத, கூரை ஒழுகாத இடத்தில் தொங்க விடுங்கள்.

இன்னும் சில ஏற்பாடுகள் உங்கள் பொறுப்பு. இரவில் தோட்ட அம்புலன்ஸ் அல்லது லொறிக்கு யாரிடம் சொல்ல வேண்டும்? டிரைவரின் இலக்கம் என்ன? லயத்தில் எந்த மூலையில் நின்றால் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும்? லயத்திலிருந்து பாதை வரை தாயைத் தூக்க யார் நான்கு பேர் வருவார்கள்? டோர்ச்சில் பற்றரி இருக்கிறதா? மூத்த பிள்ளைகளை அன்று இரவு யார் பார்ப்பார்கள்? இதை எல்லாம் முன்பே பேசி முடியுங்கள்.

1990 என்ற இலக்கத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்பு நாடு முழுவதற்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் அது. இரவு பகல் எந்நேரமும் வரும், காசு வாங்க மாட்டார்கள். அழைக்கும்போது தோட்டம், டிவிசன், பக்கத்திலுள்ள பாடசாலை அல்லது கோயில் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் லயம் வரை அந்த வாகனம் ஏற முடியாவிட்டால் எந்தச் சந்தியில் சந்திப்பது என்று பேசிக் கொள்ளுங்கள்.

மண்சரிவால் பாதை அடைபடும் டிவிசனில் இருப்பவர்கள், திகதிக்குச் சில நாட்களுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் போய் இருக்கலாமா என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். அல்லது ரோட்டோரத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்குங்கள்.

பைக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

இதைக் கவனமாக வாசியுங்கள். கீழே சொல்லும் எதுவும் வந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பை கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே புறப்படுங்கள். கர்ப்பவதி அட்டை மட்டும் கையில் இருந்தால் போதும். மற்றதைப் பிறகு யாராவது கொண்டு வரட்டும்.

இரத்தம் போதல். தண்ணீர்க்குடம் உடைதல், அதுவும் தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல். வலிப்பு. கடும் காய்ச்சல். வயிற்றில் விடாத வலி. பிள்ளையின் துடிப்புக் குறைதல் அல்லது நிற்றல்.

சாதாரண வலி என்றால், விட்டு விட்டு வந்து, வர வரக் கிட்டக் கிட்ட வந்து, பலமாகிக் கொண்டே போகும். அதுதான் மெய் வலி. இரண்டாம், மூன்றாம் பேறு முதற்பேற்றை விடச் சீக்கிரம் முடியும். "மூத்தவனுக்கு ஒரு நாள் முழுக்க வலிச்சுது, இப்பவும் நேரமிருக்கு" என்று இருந்து விடாதீர்கள். வாகனத்தில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துப் போவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

சில வேளை பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒப்பரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். டிக்கோயா, நாவலப்பிட்டி, நுவரெலியா, பதுளை என்று எங்கும் போக நேரலாம். அப்போது பையும் அட்டையும் தாயோடு ஒன்றாகப் போக வேண்டும். கூட வந்தவர் கையிலே தங்கி விடக்கூடாது.

பிள்ளை பிறந்த பின்

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்கு முன் பெயரை முடிவு செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துச் சரி பார்த்து, ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டு போங்கள். பதிவாளர் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து வையுங்கள். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் ஆஸ்பத்திரியிலிருந்து வாங்காமல் வர வேண்டாம்.

மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. அதன்படி உயிருடன் பிள்ளை பெற்ற தொழிலாளித் தாய்க்கு 12 வாரச் சம்பள விடுமுறை உண்டு. மூன்றாவது பிள்ளைக்குப் பாதிதான் என்ற பழைய கணக்கு 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் முடிந்து விட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் அதே விடுமுறைதான். யாராவது வேறு மாதிரிச் சொன்னால் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

1. கர்ப்பவதி அட்டை, அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ்ப் பிரதி - பொலித்தீன் உறையில், மேலே.
2. பிள்ளையின் முதல் துணியும் தொப்பியும் - தனிப் பையில்.
3. தாய்க்கு கவுன், சீத்தை, பேட், துவாய், சவர்க்காரம், செருப்பு, ஸ்வெட்டர்.
4. பிள்ளைக்குச் சட்டை, நெப்பி, காலுறை, போர்வை.
5. கோப்பை, தட்டு, கரண்டி, பிளாஸ்க்.
6. டிரைவர் இலக்கம், 1990, டோர்ச், வாகனக் காசு.
7. பால் போத்தல் இல்லை. நகை இல்லை.
8. இரத்தம், வலிப்பு, தண்ணீர், துடிப்புக் குறைவு - பையைப் பார்க்காமல் புறப்படு.

உங்கள் லயத்தில் எட்டு மாதம் முடிந்த தாய் யாராவது இருக்கிறாரா? இன்று வேலை முடிந்து போகும்போது அவருடைய காம்பராவில் ஒரு நிமிடம் நின்று, "பை கட்டியாச்சா தங்கச்சி?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கூட இருந்து கட்டிக் கொடுங்கள்.